டாக்டர் பக்கம்: விரலை எடுத்த காயம் ஆறிவிட்டது... இனி பயமில்லையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. பல வருடங்களாகச் சர்க்கரைநோய் இருக்கிறது. ஆறாத புண்ணால் 4 மாதங்களுக்கு முன்பு வலது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். காயம் நன்றாக ஆறிவிட்டது. இப்போது பக்கத்து விரலுக்குக் கீழே, உள்ளங்காலில் தோல் தடித்திருக்கிறது. வலி இல்லை என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். சர்க்கரைநோயால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது. எனவே, 'வலி இல்லை' என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது.

நடக்கும்போது உடலை முன்னால் உந்துவதில் கட்டைவிரலுக்குப் பெரும் பங்கு உண்டு. அது இல்லாதபோது, அந்தச் சுமை பக்கத்து விரல்களுக்கும், அவற்றின் அடியிலுள்ள எலும்பு முனைகளுக்கும் போகிறது. மற்ற விரல்கள் கொக்கிபோல வளையலாம். காலி இடத்தை நோக்கிச் சாயலாம். அழுத்தம் விழும் இடத்தில் தோல் தடிக்கும். அந்தத் தடிப்பே உள்ளே அழுத்தி, அதன் அடியில் ரத்தம் கட்டி, புண்ணாகிவிடலாம். வெளியே பார்த்தால் தெரியாது. கிருமித்தொற்று எலும்புவரை போனால், அடுத்த விரலையும் இழக்க நேரிடலாம்.

இந்த வாரமே பாத சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். தடிப்பை அவர் பாதுகாப்பாகச் சீவி எடுத்து, அடியில் புண் உள்ளதா, ரத்த ஓட்டம் சரியாக உள்ளதா என்று பார்ப்பார். வீட்டில் பிளேடால் வெட்டுவது, கால் ஆணி பிளாஸ்டர் ஒட்டுவது இரண்டும் கூடாது.

ஹவாய் செருப்பு வேண்டாம். கட்டைவிரல் பிடிமானம் இல்லாமல் அது காலில் நிற்காது. பின்பக்கம் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பை, பாதத்தை அளவெடுத்துச் செய்து வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுத்தான் நடக்க வேண்டும்.

தினமும் இரவில் இரண்டு பாதங்களையும் பாருங்கள். அப்பாவால் குனிய முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள். அல்லது மொபைலில் உள்ளங்காலைப் படமெடுத்துக் காட்டுங்கள். விரல் இடுக்குகளையும் விடாதீர்கள். வெந்நீரின் சூட்டை அவர் காலால் பார்க்கக் கூடாது. நீங்கள் முழங்கையால் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் நடப்பதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நீர்க்கசிவு, துர்நாற்றம், கறுப்பு நிறம், காய்ச்சல் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

சர்க்கரை அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். விரலை இழந்தவர்கள், புண் இல்லாவிட்டாலும் 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.