சுவரில் தொங்கும் இரவல்



கடந்த இரண்டு மாதங்களில் மூன்று வீடுகளுக்குப் புதிய தொலைக்காட்சிப் பெட்டிக்காக ஜெபிக்க அழைக்கப்பட்டேன். பெட்டி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இப்போது அது பெட்டியன்று, சுவரோடு சுவராக அறையப்பட்ட கரும்பலகை. மூன்றும் பண்டிகைக் கால ஆன்லைன் விற்பனையில் வாங்கியவை. ஒரு வீட்டில் அது 65 அங்குலத் திரை. அகலம் மட்டுமே ஏறத்தாழ நாலேமுக்கால் அடி. அதற்கு இடம் கொடுக்க, இத்தனை ஆண்டுகளாக அந்தச் சுவரில் தொங்கிய வசனக் காலண்டர் சமையலறைக்குப் போய், காஸ் அடுப்புக்கு மேலே மாட்டப்பட்டிருந்தது. அதைக் கண்டும் ஒன்றும் சொல்லாமல் கைகளை உயர்த்தி ஜெபித்தேன். இந்த ஆசீர்வாதத்திற்காக நன்றி என்று சொன்னேன். வடையும் காபியும் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்று வாரங்கள் கழிந்தன. அதே வீட்டுத் தாயார் ஒரு மாலை குருமனைக்கு வந்து, பிள்ளையின் இரண்டாம் பருவக் கட்டணத்திற்குச் சபையின் உதவி நிதியிலிருந்து ஏதாவது செய்ய முடியுமா என்று தலை குனிந்தபடி கேட்டார்கள். பொய் சொல்லவில்லை. மாதம் 4,500 ரூபாய் தவணை போகிறது என்பதையும் அவர்களே சொன்னார்கள். பிள்ளை என்ன பாவம் செய்தது? கட்டணத்தைக் கட்டினோம். (அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். யாரென்று ஊகிக்க முயல வேண்டாம். ஊகித்தால் ஐந்தாறு வீடுகள் பொருந்தும் என்பதுதான் என் வேதனை.)

அந்த உதவி நிதிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு சகோதரி, ஒவ்வொரு ஞாயிறும் தன் உறையில் பத்து ரூபாயைத் தவறாமல் போடுகிறார். அவர் வீட்டிலும் தொலைக்காட்சி உண்டு. 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்த 14 அங்குல வண்ணப் பெட்டி அது. படம் வருவது நின்று வெகுகாலமாயிற்று, இப்போது அதன்மேல் துணி மடித்து வைத்திருக்கிறார். அந்தச் சகோதரியின் பத்து ரூபாய் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் 65 அங்குலத் திரையின் தவணையைக் கட்டியிருக்கிறது. கணக்கேட்டில் பள்ளிக் கட்டணம் என்று இருக்கும். கர்த்தருடைய கணக்கில் என்னவென்று இருக்கும்? அதற்கு ஆசீர்வாதம் என்று பெயர் சூட்டியவன் நான். ஆகையால் இந்த வாரத் தியானத்தை எனக்கு எதிராகத்தான் முதலில் எழுதுகிறேன்.

தொலைக்காட்சியே பிசாசின் பெட்டி என்று முழங்கிய பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஒளிபரப்பு தொடங்கியது முதல் வெகுகாலம் அந்தக் கருவியைத் தொட்டாலே தீட்டு என்பது போலப் பேசினோம். நான் அந்தக் கட்சியில் இல்லை. முதியவர் ஒருவர் படுக்கையில் இருந்தபடி உலகத்தைப் பார்ப்பதிலும், குடும்பமாக உட்கார்ந்து ஒரு நல்ல படத்தைப் பார்த்துச் சிரிப்பதிலும் எனக்கு எந்தத் தடையும் இல்லை. கையில் ரொக்கம் இருக்கிறது, பிள்ளைகளின் கட்டணம் கட்டியாயிற்று, காணிக்கை கொடுத்தாயிற்று, வாங்க விரும்புகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். என் வழக்கு வேறு. அடுத்த ஆண்டுச் சம்பளத்தை இந்த ஆண்டே எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, அதைச் சாட்சியாகச் சபையில் எழுந்து சொல்கிறோமே, அந்தப் பொய்யின்மேல்தான் என் வழக்கு.

"வட்டியே கிடையாது ஐயரே, நோ காஸ்ட் இஎம்ஐ" என்கிறீர்கள். நிதானமாகக் கணக்குப் பார்ப்போம். 54,000 ரூபாய், பன்னிரண்டு தவணை, மாதம் 4,500. வங்கி ஆண்டுக்கு 16 சதவீத வட்டி வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அது தன் வட்டியில் ஒரு ரூபாயையும் விட்டுக்கொடுப்பதில்லை. சுமார் 4,400 ரூபாயை விற்பவர் முன்கூட்டியே கழிவாகக் காட்டுகிறார். வங்கி 49,600 ரூபாயைக் கடனாக எழுதிக்கொண்டு, அதே 4,400 ரூபாயை வட்டியாக உங்களிடம் வாங்குகிறது. அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு; அதுவே ஏறத்தாழ 790 ரூபாய். பல வங்கிகள் செயலாக்கக் கட்டணமும் சேர்க்கின்றன. ஒரு மாதம் தவணை தவறினால் தாமதக் கட்டணம் தனி. கிரெடிட் கார்டில் நிற்கும் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வரையில்கூட வட்டி ஏறும். பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டு அது திரும்ப வந்திருக்கிறது. ஊரில் கந்துவட்டிக்காரனைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிப் போகிற நாம், கைபேசிக்குள் இருக்கும் கடன்காரனுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறோம்.

"பாதி விலை, இனிக் கிடைக்காது" என்பது அடுத்த வாதம். வரி குறைந்தது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்திற்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆயிற்று. வரி நீங்கலாக 50,000 ரூபாய் விலையுள்ள ஒன்று 64,000-க்குப் பதில் 59,000-க்குக் கிடைக்கும். அதாவது நூற்றுக்கு எட்டு ரூபாய்கூட முழுமையாகக் குறையவில்லை. பாதி விலை என்னும் மீதிக் கதை, கோடு போட்டு அடித்துக் காட்டும் அந்தப் பெரிய எண்ணில் இருக்கிறது. அந்த விலைக்கு அதை வாங்கிய எவரையாவது நீங்கள் சந்தித்ததுண்டா? வினாடி வினாடியாகக் குறைந்துகொண்டே வரும் கடிகாரத்தைத் திரையில் வைத்து, யோசிக்க நேரமில்லை என்று நம்மை நம்பச்செய்கிறார்கள். யோசிக்க விடாமல் அவசரப்படுத்துகிற எந்தக் குரலும் நல்ல மேய்ப்பனுடைய குரலாக இருந்ததில்லை.

நானும் அந்தக் குரலுக்குச் செவிகொடுத்தவன்தான். விற்பனை தொடங்கிய நள்ளிரவில், ஞாயிறு பிரசங்கக் குறிப்புகள் பாதியில் கிடக்க, 55 அங்குலம் ஒன்றைக் கார்ட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடன் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. கடனுக்கு முன் அனுமதி கிடைத்துவிட்டது என்று வாழ்த்துச் செய்தி வந்தது. என்னைத் தடுத்தது பரிசுத்தம் அல்ல. ஓடிபி வரத் தாமதமாயிற்று, தூக்கம் வந்துவிட்டது. அவ்வளவே.

இனி, எனக்கு மிகவும் கசக்கிற காரணத்துக்கு வருகிறேன். "ஞாயிறு ஆராதனையை நேரலையில் நன்றாகப் பார்க்கலாமே" என்கிறீர்கள். நம் சபையின் நேரலை, முக்காலியில் பொருத்திய ஒரு கைபேசியிலிருந்து 720பி தரத்தில் போகிறது. ஒரு படத்தில் 9 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். உங்கள் 4கே திரையிலோ ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஆகவே என் முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒன்பதாக நீட்டப்பட்டு உங்கள் கூடத்தில் தோன்றும். அந்தத் தண்டனை உங்களுக்கு எதற்கு? சாதாரணத் தரத்தில் வரும் கேபிள் சேனலானால் ஒன்று இருபதாகும். வேடிக்கையை விடுவோம். பெருந்தொற்றுக் காலத்தில் ஆலயக் கதவு பூட்டியிருந்தபோது ஐந்து அங்குலக் கைபேசியின் முன் முழங்காலிட்டு அழுத குடும்பங்களை நான் அறிவேன். அன்று திரை சிறிதாக இருந்ததென்று யாரும் முறையிடவில்லை. ஆலயத்துக்குப் பத்து நிமிட நடைதூரத்தில் இருந்துகொண்டு ஆராதனைக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லாதீர்கள். கிரிக்கெட்டுக்காக வாங்கினேன் என்று சொல்லுங்கள். அதில் உண்மையாவது இருக்கும்.

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். யோர்தான் கரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்த தீர்க்கதரிசியின் சீஷன் ஒருவனுடைய கோடரியின் இரும்பு தண்ணீரில் விழுந்துவிட்டது. அவன் அலறினான். ஏன் அலறினான் என்பதை வேதம் தெளிவாகச் சொல்லுகிறது: அது இரவல் வாங்கியது. எலிசாவின் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய அற்புதங்கள் உண்டு. அவற்றுக்கிடையே ஒரு கோடரி இரும்பு மிதந்ததை எழுதிவைக்க வேண்டிய அவசியம் என்ன? இரவல் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாதே என்று கலங்கிய ஏழையின் மனச்சாட்சியைத் தேவன் அத்தனை பெரிதாக எண்ணினார். நமக்கோ இரவல் என்றால் கூச்சமில்லை. இரவலைச் சுவரில் மாட்டி, படம் எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, கீழே கர்த்தர் நல்லவர் என்று எழுதுகிறோம். கர்த்தர் நல்லவர்தான். தவணை முடியும் வரையில் அந்தத் திரைக்கு உரியவர் வேறொருவர்.

அதே புத்தகம் 20-ஆம் அதிகாரத்தில் எசேக்கியா ராஜா வருகிறான். வியாதியிலிருந்து எழுந்தவனை விசாரிக்கப் பாபிலோனிலிருந்து தூதர்கள் கடிதமும் வெகுமதியும் கொண்டுவந்தார்கள். அவன் மகிழ்ந்துபோய் வெள்ளி, பொன், கந்தவர்க்கம், ஆயுதசாலை என்று எதையும் மறைக்காமல் காட்டினான். அவர்கள் போனபின் ஏசாயா வந்து கேட்டதோ, வந்தவர்கள் வீட்டில் எதைக் கண்டுபோனார்கள் என்பதே. இன்று அந்தத் தூதரை நாமே பணம் கொடுத்து வரவழைத்துக் கூடத்தில் குடிவைக்கிறோம். மிகைப்படுத்தவில்லை. அமெரிக்காவில் விசியோ என்னும் நிறுவனத்தின் தொலைக்காட்சிகள், வீட்டில் எது ஓடுகிறது என்பதை வினாடிக்கு வினாடி பதிவுசெய்து, ஒரு கோடியே பத்து லட்சம் பெட்டிகளிலிருந்து வீட்டாரின் முறையான சம்மதமின்றிச் சேகரித்து, பிறருக்கு விற்றன என்ற வழக்கில், 2017-இல் அந்த நிறுவனம் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. இன்று ஸ்மார்ட் டிவியை முதன்முதலில் இயக்கும்போது வரிசையாக வரும் ஒப்புதல் பக்கங்களை வாசித்தவர்கள் எத்தனை பேர்? பெரிய திரை மலிவாகக் கிடைப்பதற்கு இப்படிப்பட்ட வருமானமும் ஒரு காரணம். நாம் அதைப் பார்க்கிறோம், அது நம்மைப் பார்க்கிறது, நாம் எதற்கு மயங்குவோம் என்று அறிந்து அடுத்த விற்பனையில் அதையே காட்டுகிறது. எசேக்கியாவின் கதையில் விலை கொடுத்தவர்கள் அவனுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் என்பதையும் மறக்க வேண்டாம்.

சென்ற ஆண்டு நம் அறுப்பின் பண்டிகை ஏலத்தை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் காய்த்த பூசணிக்காய் 2,000 ரூபாய்க்குப் போயிற்று. கேட்டவர் ஏமாந்தவர் அல்லர். அதன் சந்தை விலை அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏற்றிக் கேட்டார். இன்னொருவர் அதற்கும் மேலே கேட்டார். கூடியிருந்த சபை முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு பொருளுக்கு அதன் மதிப்பைவிட மிகுதியாகக் கொடுத்து, அதில் மகிழ்ந்து வீட்டுக்குப் போன ஜனங்கள் நாம்தான். நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து, எல்லாரையும்விடக் குறைவாகக் கொடுக்கத் துடிக்கிறவர்களும் நாம்தான். இவ்விரண்டில் எந்த இரவில் நிம்மதியாகத் தூங்கினீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகையால் இனி நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். புதுப் பொருளுக்காக ஜெபிக்க அழைத்தால் வருவேன். வாசலிலேயே, இது ரொக்கமா தவணையா என்று கேட்பேன். தவணை என்றால் பொருளுக்காக ஜெபிக்கமாட்டேன். கடன் அடைபடுவதற்காக ஜெபிப்பேன். காபி வேண்டாம். கோபித்துக்கொள்வோர் கோபித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் சேகரக் கமிட்டி கூடுகிறது. ஆலயத்தில் பாட்டு வரிகளைக் காட்ட 75 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை ஆன்லைனில் தவணை முறையில் வாங்குவது என்ற தீர்மானம் நான்காவது பொருளாக இருக்கிறது. அதை முன்மொழியச் சொல்லி இரண்டு மாதங்களுக்கு முன் செயலரிடம் கொடுத்தவன் நானே. அன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன். பழைய புரொஜெக்டரின் விளக்கு மங்கியிருக்கிறது. புது விளக்குக்கான தொகை சபைக் கணக்கில் ரொக்கமாகவே இருக்கிறது. வெள்ளைத் துணியைத் துவைத்துத் தருவதாக மாதர் சங்கத்தார் சொல்லியிருக்கிறார்கள்.