எழுபத்திரண்டு பக்கம்

எம் கல்லூரியின் ஆசிரியர் அறையில் கணிதத் துறை நண்பர் ஒருவர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது, தமிழ்த் துறையினராகிய நாம் முதலில் புரட்டிப் பார்த்தது கடைசிப் பக்கத்தின் எண்ணைத்தான். 72. நம் துறையில் நன்றியுரையும் முன்னுரையும் பின்னிணைப்பும் சேர்ந்தே அந்த அளவைத் தாண்டிவிடும். “இவ்வளவுதானா?” என்று நம்மவர் ஒருவர் கேட்டும்விட்டார். நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. பிரின்ஸ்டனில் 1950ஆம் ஆண்டு ஜான் நாஷ் அளித்த ஆய்வேடு 28 பக்கம்தான் என்றும், பின்னாளில் நோபல் பரிசு வரை அவரைக் கொண்டுசென்றது அதிலிருந்த கருத்தே என்றும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

முதுகலையோடு நின்றுவிட்ட நமக்கு இதைப் பேச என்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். அருகில் இருந்து பார்த்த தகுதி மட்டுமே.

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற நம் நாட்டில் என்ன வேண்டும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது மூன்றாண்டு, மிகுதியாக ஆறாண்டு. 12 கிரெடிட்டுக்குக் குறையாத பாடநெறி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின்முன் முன்னேற்ற அறிக்கை. வெளித் தேர்வாளர் இருவரின் மதிப்பீடு. பொது வாய்மொழித் தேர்வு. இவற்றில் கணிதத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை. வரலாற்றுக்கும் விலங்கியலுக்கும் தைத்த அதே சட்டைதான்.

உண்மையில் தவிர்க்கவே முடியாதது எது என்று வரலாற்றைக் கேட்டால் வேறு விடை வருகிறது. சோபியா கோவலெவ்ஸ்காயாவைப் பெண் என்பதால் பெர்லின் பல்கலைக்கழகம் வகுப்பில் அமரவிடவில்லை. வயர்ஸ்ட்ராஸ் நான்காண்டுகள் தனியே பாடம் சொன்னார். 1874இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம், அவர் நேரில் வராமலேயே, வாய்மொழித் தேர்வும் இன்றிப் பட்டம் அளித்தது. அவர் அனுப்பியிருந்தவை மூன்று ஆய்வுகள். அவற்றுள் ஒன்றின் பயன் இன்றும் கோஷி-கோவலெவ்ஸ்காயா தேற்றம் என்று பாடநூல்களில் நிற்கிறது. நம் இராமானுசனோ எஃப்.ஏ. தேர்விலேயே தேறாதவர். கேம்பிரிட்ஜ் தன் வழக்கமான தகுதிகளைத் தளர்த்தி அவரைச் சேர்த்துக்கொண்டு, 1916 மார்ச்சில் ஆய்வின் வழி பி.ஏ. பட்டம் தந்தது (பிஎச்.டி. என்ற பட்டம் அங்கு அப்போது தோன்றியிருக்கவில்லை). அதற்கு அடிப்படையாக நின்றது, வகுத்திகள் மிகுந்த எண்களைப் பற்றி 1915இல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை. வருகைப் பதிவும் நுழைவுத் தகுதியும் வாய்மொழித் தேர்வும் தளர்ந்து கொடுத்தன. புதிதாக ஒன்றைக் கண்டு அதை நிறுவிக் காட்ட வேண்டும் என்பது மட்டும் தளரவில்லை. நிறுவல் எழுதுவதில் அக்கறை குறைந்த இராமானுசனிடம் ஹார்டி ஓயாமல் கேட்டதும் அதைத்தானே!

நண்பர் பதிவு செய்த 2017இல் நடைமுறையில் இருந்தவை 2016ஆம் ஆண்டு விதிகள். ஆய்வேட்டை அளிக்குமுன் ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒரு கட்டாயம். பார்வைக்கு நியாயமானதுதான். ஆனால் கணிதக் கட்டுரையை மதிப்பிடுபவர் ஒவ்வொரு வரியையும் தாமே நிறுவிப் பார்த்துத்தான் ஒப்ப முடியும். ஓராண்டு ஆவது சாதாரணம், இரண்டாண்டும் ஆகும். நண்பர் தம் முதன்மைத் தேற்றத்தை ஒரு நல்ல ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டுப் பதினான்கு மாதம் காத்திருந்தார். “மதிப்பீட்டில் உள்ளது” என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பதிவுக்காலம் முடிந்துகொண்டிருந்தது. கடைசியில், தமக்கே பிடிக்காத ஒரு சிறு குறிப்பைக் கட்டணம் வாங்கும் ஓர் இதழுக்கு அனுப்பினார். மூன்றே வாரத்தில் அச்சேறியது. ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் திருத்தவில்லை. பல்கலைக்கழகம் அதன் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு ஆய்வேட்டை ஏற்றது. நல்ல கட்டுரை கணக்கில் வரவில்லை.

2022 விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. நாம் அதை வரவேற்கிறோம். எனினும் ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்த விதியாக அதை வைத்துக்கொள்ளத் தடையில்லை என்பதால், குறைந்தபட்சம் கணிதத் துறைகளாவது அதை மறுக்க வேண்டும் என்பது நம் கருத்து. “வெளியீடும் வேண்டாம் என்றால் எதை வைத்துத் தரம் பார்ப்பது?” என்று மூத்த பேராசிரியர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அவருடைய அச்சம் பொய்யன்று; படிக்காமலே ஒப்பமிடும் தேர்வாளர்களை அவரும் அறிவார், நாமும் அறிவோம். ஆனால் கட்டாய வெளியீடு அவர்களைத் தடுக்கவில்லை. கட்டண இதழ்களுக்குச் சந்தையைத்தான் திறந்துவிட்டது. எந்தத் தேற்றத்தின் நிறுவலைத் தாம் வரிவரியாகச் சரிபார்த்தோம் என்று தேர்வாளர் தம் அறிக்கையில் பெயர் சுட்டி எழுதட்டும். வாய்மொழித் தேர்வு நாளில் அந்த அறிக்கையை அவையில் படிக்கட்டும். அவருக்குத் தரும் ஊதியத்தையும் சற்றே உயர்த்தலாம். 72 பக்கக் கணிதத்தைப் படிப்பது 300 பக்கத் தமிழ் ஆய்வேட்டைப் புரட்டுவது போன்றதன்று.

நண்பரின் வாய்மொழித் தேர்வுக்கு நாமும் போயிருந்தோம். வெளித் தேர்வாளர் மூன்றாம் இயலிலிருந்த ஒரு துணைத் தேற்றத்தைக் காட்டி, “இதைப் பலகையில் செய்யுங்கள்” என்றார். நாற்பது நிமிடம் சுண்ணக்கட்டியின் ஓசை மட்டுமே. நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில் தேர்வாளர் எழுந்து பலகையருகே போய் நின்றதும், இருவரும் நம்மை மறந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டதும் நினைவிருக்கிறது. கட்டண இதழில் வந்த கட்டுரையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நல்ல கட்டுரை, பட்டம் கிடைத்து ஏழு மாதம் கழித்து ஏற்கப்பட்டது. மற்றதை நண்பர் தம் வெளியீட்டுப் பட்டியலில் சேர்ப்பதில்லை.