இடுப்புத் தேய்மானம் தனிக் கணக்கு அல்ல



சங்கக் கூட்டங்களில் வரியைப் பற்றிப் பேசுகிறோம். லைசென்ஸைப் பற்றிப் பேசுகிறோம். கூட்டம் முடிந்து எழும்போது பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறோம். அதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. நானே பேசிவிடுகிறேன்.

பதினாறு வயதில் கடைக்கு வந்தவன் நான். அப்போது சர்க்கரை 100 கிலோ மூட்டை. லோடு இறக்க ஆள் வராத நாளில் நானே முதுகு கொடுப்பேன். பிறகு 35 ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்தேன். இடுப்பு வலி வந்தபோது மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கினேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு ஆண்டுகள் ஓடின. ஒருநாள் கால் வீங்கியது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகக் கோளாறு தொடங்கியிருப்பது தெரிந்தது. பிரஷர் கூடியிருந்தது. சர்க்கரையும் இருந்தது. ஒரு வலிதான் என்று இருந்தவன் நான்கு நோயோடு வீடு திரும்பினேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கீழ் முதுகில் ஐந்து எலும்புகள். அவற்றைப் பின்புறம் இணைக்கும் சிறு மூட்டுகளில் வழவழப்பான குருத்தெலும்பு உண்டு. அது தேய்ந்து, ஓரத்தில் எலும்பு துருத்துகிறது. சிலருக்கு அது நரம்பை நெருக்கும். நடந்தால் கால் மரத்து வலிக்கும். மேசையில் கை ஊன்றிக் குனிந்தால் சுகமாக இருக்கும். வயதானவர்களில் பலருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். ஆனால் அத்தனை பேருக்கும் வலி இருப்பதில்லை. ஆகவே படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நாம் பயப்பட வேண்டியது வேறு. உடல் எடை கூடினால் மூட்டுக்குச் சுமை. வலித்தால் நடை குறைகிறது. நடை குறைந்தால் எடை, சர்க்கரை, பிரஷர் மூன்றும் ஏறுகின்றன. தூக்கம் கெட்டு மனம் சோர்கிறது. சோர்ந்த மனதுக்கு வலி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் இதய நோயும் அதிகமாகக் காணப்படுகிறது. ஒரு கடன் இன்னொரு கடனை இழுக்கும் கதைதான்.

இதில் வலி மாத்திரை கந்து வட்டி போன்றது. வாங்கும்போது சுகம். நாள்பட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் சேதம். பிரஷரை ஏற்றுவதோடு, பிரஷர் மருந்தின் வேலையையும் குறைத்துவிடும். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் மட்டுமே போட வேண்டும்.

"கடையை விட்டு நடக்க நேரம் ஏது?" என்பீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். உலக சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகக் கட்டச் சொல்லவில்லை. ஆனால் கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, மளிகைக் கடையிலும் பெட்டிக் கடையிலும் வலி மாத்திரை விற்பதை நிறுத்துவோம். அந்தச் சில்லறை லாபம் நமக்கு வேண்டாம்.

இரண்டு, ஓர் ஆண் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்தது. அதற்கு மேற்பட்ட மூட்டைகளை ஏற்க மாட்டோம் என்று மொத்த வியாபாரிகளாகிய நாம் சொன்னால், அனுப்புகிறவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். சுமை தூக்குகிறவருக்கும் நமக்கிருக்கும் அதே முதுகெலும்புதான்.

மூன்று, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆய்வாளர் வருவார் என்பதற்காக அல்லாமல், நம் கடைப் பையன் ஐம்பது வயதில் என்னைப்போல் ஆகக் கூடாது என்பதற்காக ஒரு ஸ்டூல் போடுங்கள்.

இப்போது கடை திறக்கும் முன் அரை மணி நேரம் நடக்கிறேன். வலி முழுதும் போகவில்லை. ஆனால் மாத்திரை போய்விட்டது. சிறுநீரகம் மேலும் கெடவில்லை. வருடம் ஒருமுறை சரக்கு இருப்பு எடுக்கிறோமே, அதே நாளில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். நஷ்டத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்பவன்தான் நல்ல வியாபாரி.