செகண்ட்ஸ் சரக்கு

"இலவசமாகக் கிடைக்கிற வஸ்துவில் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். படித்தவர், பாங்கில் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். காப்பி ஆறிக்கொண்டிருந்ததால் சும்மா இருந்துவிட்டேன். அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் தங்கை மகன் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் சிறிதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறான். பெரிய எக்ஸ்போர்ட்காரர்களிடம் வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். பன்னிரண்டு பவர் டேபிள், நாலு ஓவர்லாக், இரண்டு பேட்லாக், ஒரு மடிக்கணினி. இவ்வளவுதான் சொத்து. திருட்டு விண்டோஸ் வேண்டாம் என்று கணினியில் லினக்ஸ் போட்டிருந்தான். நானும் அதை மெச்சியிருக்கிறேன்.

ஒரு நாள் இரவு பேக்கிங் லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தவன், சாப்பிடுவதற்காகக் கணினியின் மூடியைச் சாத்திவிட்டுப் போனான். திரும்பி வந்து திறந்தால் திரை இருட்டு. உள்ளே விசிறி மட்டும் சுற்றுகிறது. "தூங்கப் போனது எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க மாமா" என்றான் டெலிபோனில். வாசலில் தூத்துக்குடி போகவேண்டிய லாரி. அட்டைப்பெட்டிகளை எல்லாம் பிரித்து, அளவு வாரியாக, நிறம் வாரியாக மறுபடியும் எண்ணினார்கள். செக்கிங் பெண்களுக்கு வீட்டுக்குப் போகும்போது நடுநிசி. அந்தப் பெண்களில் ஒருத்திக்குக் கைக்குழந்தை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைக் கேட்டுத்தான் என் நண்பர் மேற்படி கேள்வியைக் கேட்டார். லினக்ஸ் இலவசம்; ஆகையால் மட்டம்; ஆகையால் கோளாறு அதனுடையது. கணக்குச் சரியாக இருப்பது போலத்தான் தோன்றுகிறது.

ஆனால் ரிப்பேர் செய்ய வந்த பாலிடெக்னிக் பையன் வேறு கணக்குச் சொன்னான். யந்திரம் தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஓடுகிற எழுத்துக்களை நிறுத்திக் காட்டினான். அங்கே லினக்ஸே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது: 'ஃபர்ம்வேர் பக்'. அதாவது, 'கோளாறு என்னுடையதல்ல, யந்திரத்தோடு வந்த நிரலுடையது.' பிறகு ஒரே ஒரு வரியை எங்கேயோ சேர்த்தான். மூடினான், திறந்தான். விழித்துக்கொண்டது!

"என்னப்பா செய்தாய்?" என்றேன்.

"பொய் சொல்லச் சொன்னேனுங்க ஐயா. நான் 2009-ம் வருஷத்து விண்டோஸ்னு சொல்லச் சொன்னேன். நம்பிருச்சுங்க" என்றான்.

சிரிப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கணினியின் தாய்ப்பலகையிலும் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதில் கம்பெனிக்காரன் எழுதி வைத்த நிரல் இருக்கிறது. பயாஸ் என்பார்கள், ஃபர்ம்வேர் என்பார்கள். பாட்டரி எவ்வளவு, விசிறி எப்போது சுற்றவேண்டும், மூடியைச் சாத்தினால் என்ன செய்யவேண்டும் என்ற விவரங்களை எல்லாம் அதுதான் இயங்குதளத்துக்குச் சொல்லவேண்டும். எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் சேர்ந்து 1996-ல் ஒரு விதிமுறை வெளியிட்டார்கள். ஏசிபிஐ என்று பெயர். அந்த விதிப்படி ஃபர்ம்வேர், 'நீ யார்? எந்த விண்டோஸ்?' என்று விசாரிக்கலாம். வருகிற பதிலுக்குத் தக்கபடி வேறு வேறு வழியில் போகலாம்.

இங்கேதான் வினை. கம்பெனிக்காரர்கள் பலர், அந்த வருஷம் விற்கிற விண்டோஸுக்கான வழியை மட்டும் நடந்து பார்க்கிறார்கள். மற்ற வழிகளில் பள்ளம் இருக்கிறதா, பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆகையால் லினக்ஸ் தன் சொந்தப் பெயரைச் சொன்னால் பிழைக்க முடியாது. 2007-ல் அந்தப் பெயருக்கு 'ஆம்' சொல்வதையே அதை எழுதுகிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். 'நான் விண்டோஸ்தான்' என்று சொல்லிக்கொண்டே அது உலகமெங்கும் நடமாடுகிறது. அதுவும் போதாதென்று, இன்ன கம்பெனி, இன்ன மாடல் என்றால் இன்ன குறையைச் சமாளி என்று நீண்ட பட்டியல்கள் அதற்குள்ளே இருக்கின்றன. அவற்றில் எத்தனையோ வரிகள், தன் மேஜைமேல் கெட்டுக் கிடந்த யந்திரத்தோடு யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து எழுதியவை.

சதி என்று நான் சொல்லவில்லை. 1999-ல் பில் கேட்ஸ், இந்த ஏசிபிஐ முறையை எப்படியாவது விண்டோஸுக்கே உரியதாக்க முடியாதா, நாம் படுகிற பாட்டில் லினக்ஸ் சுகமாக ஓடுகிறதே என்ற பொருளில் ஒரு கடிதம் எழுதியதும், அது பின்னால் அமெரிக்காவில் அயோவா வழக்கில் வெளிவந்ததும் உண்மை. ஆனாலும் அது ஒரு யோசனை. எங்கள் அனுப்பர்பாளையம் யந்திரத்துக்கு அதன்மேல் பழி போடமாட்டேன். சோம்பலே போதுமான காரணம்.

'கோளாறு எப்போதும் மற்றவனுடையதுதானோ?' என்று நண்பர் மடக்குவார். இல்லை. 2017-ல் உபுண்டு 17.10 வெளியீடு லெனோவா கணினிகள் சிலவற்றின் பயாஸையே கெடுத்தது. தவறு லினக்ஸ் பக்கத்தில்தான். டிசம்பரில் இறக்குமதிப் பக்கத்தையே மூடித் திருத்தினார்கள். ஆனால் 2013-ல் நடந்ததையும் சொல்லவேண்டும். சாம்சங் மடிக்கணினிகள் சில லினக்ஸ் தொடங்கியதும் செத்துப்போயின. 'லினக்ஸ் கொன்றது' என்றுதான் முதலில் எல்லோரும் கூவினார்கள். மாத்யூ காரெட் என்பவர் விண்டோஸில் இருந்துகொண்டே அதே யந்திரத்தை அதே மாதிரி சாகடிக்க முடியும் என்று காட்டினார். குறை சில்லில் இருந்த நிரலில் இருந்தது. கூவியவர்கள் அதே சத்தத்தில் அதைத் திருப்பிச் சொன்னார்களா என்ன!

திருப்பூரில் இந்த நியாயம் நடக்காது. நிட்டிங் மிஷினில் ஒரு ஊசியின் கொக்கி உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும். ரோலை வெளிச்சப் பலகையில் ஓட்டிப் பார்த்து அதைப் பிடிக்கிறார்கள். தப்பித் தைத்துவிட்டால் அந்தப் பீஸ் செகண்ட்ஸ். காதர்பேட்டைக்குப் போய்ப் பாதி விலைக்கு, செகண்ட்ஸ் என்ற பெயரிலேயே விற்கும். வெளிநாட்டு வியாபாரி பெட்டியைத் திறந்து நாலு சட்டையில் ஓட்டை கண்டால் டெபிட் நோட் அனுப்புகிறான். 'சட்டையை உடுத்துகிறவரே ஊசி நூல் எடுத்து ஒட்டுப்போட்டுக்கொள்ளட்டும்' என்று இங்கிருந்து யாராவது பதில் எழுத முடியுமா? ஆனால் மடிக்கணினிக்காரன் அதைத்தான் எழுதாமல் எழுதுகிறான். ஓட்டைச் சரக்கை முதல் தரம் என்று விற்கிறான். ஒட்டுப்போடும் வேலை ஊர்பேர் தெரியாதவர்களுக்கு. கெட்ட பெயரும் ஒட்டுப்போட்டவனுக்கே.

நொய்யலும் இப்படித்தான் கெட்டது. சாயத்தண்ணீரை மேலே விட்டவர்கள் ஒருவர். கீழே ஒரத்துப்பாளையம் அணைப்பக்கத்தில் கிணறு கெட்டு, பயிர் கருகி நின்றவர்கள் வேறொருவர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், விடுகிறவனே சுத்தம் செய்யவேண்டும் என்ற சாதாரண தர்மம் பலருக்குப் புரிந்தது.

எனக்கு லினக்ஸ் எழுதுகிறவர்கள் மீதும் சற்று வருத்தம் உண்டு. அவர்கள் பொறுமையாக மூடி மறைப்பதாலேயே கம்பெனிக்காரனுக்கு உறைக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒட்டுப்போட மறுத்தால் நடுநிசியில் பெட்டி எண்ணுவது கம்பெனிக்காரன் அல்லவே, கைக்குழந்தைக்காரிதான்.

ஆகவே உறைக்கச் செய்ய வேண்டியவர்கள் மொத்தமாக வாங்குகிறவர்கள். நம் சர்க்கார் 2011-லிருந்து மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறது. பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி வாங்குகிறபோதெல்லாம் டெண்டரில் இரண்டு வரி போதும்: ஃபர்ம்வேரை லினக்ஸிலும் சோதித்துக் காட்டு, பின்னால் பிழை தெரிந்தால் திருத்தம் கொடு. சோதிக்கும் கருவி இல்லாமலில்லை. உபுண்டுக்காரர்களே ஒன்று செய்து இனாமாகக் கொடுக்கிறார்கள். திருத்தத்தை வீடு தேடி அனுப்புவதற்கும் 2015 முதல் பொதுவான ஏற்பாடு இருக்கிறது. பெரிய கம்பெனிகள் சில அதில் சேர்ந்தும் இருக்கின்றன. முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை.

பையன் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். மருமகன் அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, அந்த முந்நூறையும் அன்றைய ராத்திரிக் கூலியையும் சேர்த்து, மிஷின் செய்த கம்பெனிக்கு ஒரு டெபிட் நோட் போடேன்" என்றேன்.

அவன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஃபாரின்காரன் நமக்குப் போடுவானுங்க மாமா. நாம எந்த விலாசத்துக்குங்க அனுப்பறது?"