125 டாலர் ரெக்கார்டும் ஏமாந்த காதுகளும்: பழைய ஆடியோ மோகத்தில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

2022 ஜூலை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ரெக்கார்டு கடை நடத்தும் ஒருவர் யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். 'மொபைல் ஃபிடலிட்டி' நிறுவனம் விற்கும் இசைத்தட்டுகள் முழுக்க அனலாக் கிடையாது, தயாரிப்பின் நடுவில் ஒரு டிஜிட்டல் கோப்பு இருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன விஷயம். ஆடியோ ரசிகர்கள் பலரும் முதலில் அவரைத்தான் திட்டினார்கள். "அப்படி இருந்தா எங்க காதுக்குத் தெரியாதா?" என்பது அவர்கள் வாதம்.

சில நாள்களில், அந்த நிறுவனத்தின் இன்ஜினீயர்களே அவருடைய கேமரா முன்னால் உட்கார்ந்து அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதுவும் 2011-லிருந்தே.

இப்போது இந்தியாவிலும் டர்ன்டேபிள், பழைய ஆம்ப்ளிஃபயர், புதிய ஹை-எண்ட் ஸ்பீக்கர் என்று வீட்டு ஆடியோ மேல் ஆசை வைக்கும் இளைஞர்கள் அதிகம். முதல் போனஸிலோ இ.எம்.ஐ.யிலோ வாங்கும் முன்னால் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

ஏன் இது இவ்வளவு பெரிய சர்ச்சை?

மொபைல் ஃபிடலிட்டியின் ஸ்பெஷல் பதிப்புகள் ஒரு ஆல்பம் 125 டாலர் வரை விற்றவை. ஒரிஜினல் மாஸ்டர் டேப்பில் இருந்து நேராகத் தட்டுக்கு வருகிறது, நடுவில் டிஜிட்டலே கிடையாது என்று நம்பித்தான் வாங்கியவர்கள் அந்த விலை கொடுத்தார்கள். நிறுவனமும் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை. உண்மையில், டேப்பை டி.எஸ்.டி. என்ற உயர்தர டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றி, அதிலிருந்துதான் தட்டு வெட்டியிருக்கிறார்கள். பிறகு வழக்கு வந்தது. தட்டைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம் என்பது உள்பட சில வழிகளோடு சமரசம் ஆனது.

நிறுவனம் சொல்லாமல் விட்டது தப்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால், இதில் ரசிகர்கள் அதிகம் பேச விரும்பாத இன்னொரு பக்கம் இருக்கிறது. "டிஜிட்டல் உயிரில்லாதது, அனலாக்தான் உயிருள்ளது" என்று சத்தியம் செய்தவர்கள் 11 வருடம் டிஜிட்டலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லட்சக்கணக்கில் செலவழித்த செட்டில், அமைதியான அறையில், கவனமாகக் கேட்டார்கள். விமர்சகர்கள் பாராட்டினார்கள். விஷயம் வெளியே வந்தது காதால் அல்ல, காது வழியாக வந்த தகவலால்.

காது அவ்வளவு மோசமா?

இல்லை. காது அபாரமான கருவி. ஆனால், அது தனியாக வேலை செய்வதில்லை. விலை, பிராண்டு, விளக்கின் மஞ்சள் வெளிச்சம், கனமான அலுமினிய பட்டன் எல்லாம் சேர்ந்துதான் மூளை 'கேட்கிறது'. இரண்டு செட்டில் ஒன்று ஒரு பொடி அதிகச் சத்தமாக இருந்தால், "சத்தமா இருக்கு" என்று தோன்றாது. "தெளிவா இருக்கு" என்றுதான் தோன்றும். ஷோரூம் டெமோவில் இது தெரியாமல் விழுபவர்கள் நிறைய.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பாஸ்டனில் மேயர், மோரன் என்ற இருவர் நடத்திய சோதனை 2007-ல் ஆடியோ இன்ஜினீயரிங் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியானது. உயர்தர டிஸ்க்கை அப்படியே ஒரு முறை, சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கி ஒரு முறை என்று பேர் சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். மொத்தம் 554 முயற்சி. சரியாகக் கண்டுபிடித்தது 276. கிட்டத்தட்ட பாதி. நாணயம் சுண்டினாலும் இதுதான் வரும்.

1982-ல் சோனியும் ஃபிலிப்ஸும் கொண்டுவந்த சி.டி. ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகிறது. மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் வரை பதிவு செய்ய அது போதும். சத்தமான இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள இடைவெளியிலும் சி.டி.யே முன்னால். சுமார் 96 டெசிபல். நல்ல வினைலுக்கு 70 பக்கம் வந்தாலே பெரிய விஷயம்.

அப்போ வினைல் வேஸ்ட்டா?

அப்படிச் சொல்வதும் அவசரம்தான். சில ஆல்பங்கள் வினைலில் நிஜமாகவே நன்றாக இருக்கும். காரணம் தட்டு அல்ல, மாஸ்டரிங். சி.டி. காலத்தில், மற்ற பாட்டைவிடத் தன் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நிறுவனங்கள் போட்டி போட்டு ஒலியை நசுக்கின. 2008-ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னட்டிக்' ஆல்பம் வந்தபோது, சி.டி.யைவிட 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் வந்த வடிவம் தெளிவாக இருக்கிறது என்று ரசிகர்கள் மனுவே போட்டார்கள். இரண்டுமே டிஜிட்டல்தான். மிக்ஸ் செய்த விதம்தான் வேறு.

இன்னொரு காரணமும் உண்டு. தட்டை எடுத்து, துடைத்து, ஊசியை வைத்து உட்கார்ந்தவர் 20 நிமிஷத்துக்கு ஸ்கிப் பண்ண மாட்டார். ஒரு பக்கம் முடியும்வரை கேட்பார். போனில் பாட்டு கேட்கும் தலைமுறைக்கு அது பெரிய அனுபவம். அமெரிக்காவில் 2022-ல் எண்ணிக்கையிலும் வினைல் சி.டி.யைத் தாண்டியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. 'சத்தத்தின் தரம்' என்ற பெயரில் கொடுக்காமல் இருந்தால் சரி.

சரி, பணத்தை எங்கே போடணும்?

முதலில் ஸ்பீக்கர். ஒரு செட்டில் ஒலியை அதிகம் மாற்றுவது அதுதான். சுமாரான விலையில் வரும் இன்றைய ஆம்ப்ளிஃபயர்களின் பிழை பெரும்பாலும் காதுக்கு எட்டாத அளவு. ஸ்பீக்கரின் பிழை அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அடுத்து அறை. இதைப் பற்றி விளம்பரம் வராது, ஏனென்றால் விற்க ஒன்றும் இல்லை. நம் ஊர் ஃபிளாட்டில் தரை முழுக்க டைல்ஸ், சுவர் வெறும் பூச்சு, ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். நடு ஹாலில் நின்று ஒரு முறை கை தட்டினால் 'டிங்' என்று ஓர் ஒலி சுவர்களுக்கு நடுவில் ஓடுவது கேட்கும். 2 லட்ச ரூபாய் ஸ்பீக்கரின் பாட்டும் அந்த 'டிங்'கோடுதான் வரும். ஒரு கனமான கம்பளம், தடித்த திரை, புத்தகம் நிறைந்த அலமாரி இவை செய்யும் மாற்றத்தை எந்த கேபிளும் செய்யாது. ஸ்பீக்கரை மூலையில் இருந்து இரண்டு அடி முன்னால் இழுத்து, உயர் ஒலி தரும் சின்ன கோனைக் காது உயரத்துக்குக் கொண்டுவருவது இலவசம்.

கடைசியில் கேபிள். குறிப்பாக டி.வி.க்கான ஹெச்.டி.எம்.ஐ. கேபிள். அதில் போவது டிஜிட்டல் சிக்னல். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் வரும். சேராவிட்டால் புள்ளி புள்ளியாகும், விட்டு விட்டு வரும். 10,000 ரூபாய் கேபிள் போட்டால் கறுப்பு இன்னும் கறுப்பாகாது.

பழைய செட் வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் 'அந்தக் காலத்து மாய ஒலி'க்காக அல்ல. பழைய ஆம்ப்ளிஃபயரின் நிஜமான பலம், அதைத் திறந்து ரிப்பேர் பார்க்க முடியும் என்பது. 1970-களின் ஆம்ப்ளிஃபயரில் பாகங்கள் கண்ணுக்குத் தெரியும். கெபாசிட்டர் காய்ந்துபோனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதுசு வாங்கி, சால்டரிங் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால் அது இன்னும் பல வருடம் ஓடும்.

மறுபக்கம் பாருங்கள். 2020 ஜனவரியில் சோனோஸ் நிறுவனம் தன் பழைய வயர்லெஸ் ஸ்பீக்கர்கள் சிலவற்றுக்கு இனி சாஃப்ட்வேர் அப்டேட் கிடையாது என்று அறிவித்தது. கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. வாடிக்கையாளர்கள் கொந்தளிக்க, தலைமை அதிகாரி மன்னிப்பு கேட்டார். நல்ல நிலையில் இருக்கும் பொருளை சாஃப்ட்வேர் பழசாக்கும் காலத்தில், 50 வயது ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றுவது புத்திசாலித்தனமான வேலை.

வாங்கும்போது சில விஷயங்கள். வால்யூமைத் திருகும்போது கரகர சத்தம் வந்தால் பயம் வேண்டாம். பெரும்பாலும் சுத்தம் செய்தால் போதும். ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விரலில் உதிர்ந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஜப்பான் செட் என்றால் 100 வோல்ட்; நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அமெரிக்க டர்ன்டேபிளுக்கு டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. பல மாடல்களில் மோட்டார் வேகம் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பொறுத்தது. இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். எஸ்.பி.பி. குரல் ஜெயச்சந்திரன் குரல் மாதிரி இறங்கிவிடும்.

ஒரு சின்ன பரீட்சை

அடுத்த முறை யாராவது "வித்தியாசம் நல்லாவே தெரியுது" என்று சொன்னால், சண்டை வேண்டாம். இரண்டு செட்டின் சத்தத்தையும் சமமாக வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் பத்து முறை மாற்றிப் போடச் சொல்லுங்கள். எட்டு, ஒன்பது சரி என்றால் அவர் காது சொல்வதில் விஷயம் இருக்கிறது, காசு கொடுக்கலாம். ஐந்து என்றால் அந்தக் காசுக்கு இன்னும் நாலு ரெக்கார்டு வரும்.

இளையராஜா இசையில் 1978-ல் வந்த 'ப்ரியா', ஸ்டீரியோவில் பதிவான ஆரம்ப காலத் தமிழ்ப் படங்களில் ஒன்று. அதற்கு முந்தைய தமிழ்ப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. ஒற்றை ஸ்பீக்கரில், டீக்கடை ரேடியோவில் கேட்டுத்தான் ஒரு தலைமுறை அவற்றை மனப்பாடம் செய்தது. நல்ல செட் அந்தப் பாட்டில் மறைந்திருக்கும் வயலினை வெளியே கொண்டுவரும், உண்மை. ஆனால் அந்த வயலினைக் கேட்க முதலில் தேவை, போனைக் கீழே வைத்துவிட்டு உட்காரும் அரை மணி நேரம். அதை எந்தக் கடையிலும் இ.எம்.ஐ.யில் தருவதில்லை.