சுரண்டுவதற்கு முன் பாருங்கள்

பழைய பிக்கப் வண்டி ஒன்று கிடைத்துவிட்டால் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, அதை டிங்கரிங் பட்டறையில் விட்டுத் தகரம் தெரியும்வரை சுரண்டச் சொல்வதுதான். அப்புறம் பளபளவென்று சிவப்பு அடித்து, ‘ஒரிஜினல் கலர்’ என்று அட்டை எழுதிக் கண்காட்சியில் நிறுத்துகிறார்கள். 35 ஆண்டுகள் பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இது பொய்.

உங்கள் வண்டி, உங்கள் காசு. பிடித்த நிறம் அடித்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. தெரியாத நிறத்தைக் கம்பெனி நிறம் என்று சொல்லி விற்பதில்தான் சண்டை.

‘தகட்டில் பார்த்துவிட்டோம்’ என்பார்கள். எந்தத் தகட்டில்? 1940களின் கடைசியில் வந்த செவர்லே பிக்கப்பின் தகட்டில் வரிசை எண் இருக்கும், எடை இருக்கும், நிறம் இருக்காது. 1967க்குப் பிறகு வந்தவற்றில்தான் க்ளவ் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிய தாளில் பெயிண்ட் விவரம் வரும். ஃபோர்டு வண்டியில் நிறத்துக்கு ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். ஆனால் அதே எழுத்து இன்னொரு ஆண்டில் இன்னொரு நிறம். ஆண்டு தெரியாமல் எழுத்தை மட்டும் படித்து என்ன பயன்?

‘அமெரிக்கக் கலர் அட்டை இருக்கிறதே’ என்பார்கள் அடுத்து. இருக்கிறது. அந்தச் செவர்லேவுக்கு அங்கே வழக்கமான நிறம் ஃபாரஸ்டர் கிரீன் என்ற கரும்பச்சை. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதலே பம்பாய் சேவ்ரியில் வண்டிகளைப் பூட்டி விற்றது. வெறும் சேசிஸாக வாங்கி, பாடியை இங்கேயே கட்டிக்கொண்டவர்களும் உண்டு. இங்கே கட்டிய பாடிக்கு அமெரிக்க அட்டை எப்படிச் சாட்சி சொல்லும்?

சாட்சி வண்டியிலேயே இருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், சீட்டுக்குப் பின்சுவரில், கதவு ரப்பர் பீடிங்கின் கீழே பாருங்கள். வெயில் படாத இடங்கள் இவை; பிற்காலத்தில் பெயிண்ட் அடித்தவர்கள் கழற்றச் சோம்பல்பட்டு விட்டுவிட்ட இடங்களும் இவைதான்.

அங்கே காலணா அளவுக்கு ஓர் இடத்தைத் தண்ணீர் தொட்டு, நைஸ் எமரித்தாளால் வட்டமாகத் தேயுங்கள். மரத்தின் வளையம்போல ஒவ்வொரு பூச்சும் தெரியும். தகரத்தை ஒட்டியிருப்பது பிரைமர். அதற்கு அடுத்த வளையம்தான் முதல் நிறம். பலர் ரெட் ஆக்சைடு பிரைமரைப் பார்த்துவிட்டு ‘வண்டி சிவப்பு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்! ஓர் இடத்தோடு நிறுத்தவும் கூடாது. கதவோ மட்கார்டோ வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். கேபினில் மூன்று நான்கு இடங்கள் ஒத்துப்போனால்தான் நம்பலாம். பானெட்டின் மேல் பார்த்து நிறம் பொருத்தாதீர்கள். அது வெயிலில் வெளுத்த நிறம்.

‘இவ்வளவு பாடு எதற்கு, நிறம்தானே?’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எஞ்சினை மறுபடி போர் அடிக்கலாம். பேரிங் தேடிப் பிடிக்கலாம். சுரண்டிக் குப்பையில் போட்ட பூச்சு திரும்பி வராது. ராஜாக்களின் காருக்குப் போட்டோ இருக்கும், கணக்கேடு இருக்கும். மூட்டை சுமந்த பிக்கப்புக்கு யார் எழுதி வைத்தார்கள்? எந்த எஸ்டேட்டில் ஓடியது, எந்தக் கடைக்குச் சரக்கு அடித்தது என்பதைக் கதவில் பெயிண்டுக்கு அடியில் மறைந்த எழுத்தின் நிழல் மட்டுமே சொல்லும். அதையும் அரை நாள் கூலிக்குத் தேய்த்து அழிக்கிறோம்.

பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பலனில்லை. சொன்ன வேலையைச் செய்கிறார். சொல்ல வேண்டியவர் சொந்தக்காரர். சுரண்டும் முன் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு பழைய பூச்சை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். நிறம் கடைசிவரை தெரியாவிட்டால், அட்டையில் ‘நிறம்: உரிமையாளர் விருப்பம்’ என்று எழுதுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.