வாளால் பகுத்த மேலாடை

அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்தில் காசில்டவுன்சென்ட் என்றொரு கடலோரச் சிற்றூர் உண்டு. அங்குள்ள அங்கிலிக்கன் ஆலயத்தில், கத்தோலிக்கக் கலைஞரான ஹரி கிளார்க் 1920ஆம் ஆண்டளவில் அமைத்த வர்ணக் கண்ணாடிச் சாளரம், கென்டல் கோகில் என்ற படை அதிகாரியின் நினைவாக எழுந்ததாகும். எனினும் அதில் போர்க்களம் இல்லை. வறியோருக்கு உணவளித்த புனித லூயி மன்னரும், உரோமைப் படைவீரராயிருந்து தம் மேலாடையை வாளால் இரண்டாக்கி இரவலனுக்கு ஈந்த புனித மார்ட்டீனாருமே உள்ளனர். மறைந்தோரின் பட்டம் பதவிகளையே கல்லில் பொறிக்கும் நாம் இதன்முன் சற்று நிற்பது நன்று.

கிளார்க் 1931இல், 41ஆவது வயதில், காசநோயால் சுவிற்சர்லாந்தில் காலமானார். கல்லறைப் பராமரிப்புக்கான அவ்விடத்து விதியைக் குடும்பத்தார் அறியாததால், 1946இல் அவரது எச்சங்கள் பொதுக்குழிக்கு மாற்றப்பட்டன. பிறருக்கு நினைவுச் சாளரங்கள் அமைத்தவருக்குத் தனிக் கல்லறை இல்லை.